உவேகி ஹிதோஷியை எப்படி ரசிப்பது?

ஜப்பானிய சினிமா என்றால் நம் ஆட்கள் குரோசாவா, ஒசு இருவரோடு கதவைச் சாத்திவிடுகிறார்கள். நகைச்சுவைப் படம் என்றதுமே, ‘அதெல்லாம் அவர்களுக்குத்தான் புரியும்’ என்று நழுவுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உவேகி ஹிதோஷியின் குரலைக் கேட்க மொழி எதற்கு?

அடிப்படை இவ்வளவுதான்: பௌத்த குருவின் மகன். ‘கிரேஸி கேட்ஸ்’ என்ற ஜாஸ் குழுவில் கிதார் வாசித்தவர், பாடியவர். 1961-ல் ‘சுதாரா புஷி’ பாட்டு, 1962-ல் தோஹோ பட நிறுவனத்தின் ‘நிப்பொன் முசெகினின் ஜிதாய்’ படம். நாடே அவர் பின்னால் போனது.

இனி முக்கியமான விஷயம். பாட்டில் சிரிப்பு மூட்ட இரண்டு வழி உண்டு. குரலைக் கோணலாக்குவது ஒன்று: கீச்சிடுவார்கள், கரகரப்பார்கள், வேண்டுமென்றே சுருதி விடுவார்கள். குரலை நேராக நிறுத்திவிட்டு மற்ற எல்லாவற்றையும் கோணலாக்குவது இன்னொன்று. முதலாவது மலிவு. இரண்டாவதற்குப் பாடத் தெரிந்திருக்க வேண்டும். உவேகி இரண்டாவது ரகம். 1962-ல் வந்த ‘ஹாய் சோரே மதே யோ’வைப் போடுங்கள். காதல் பாட்டுக்குரிய குழைவோடு, நிதானமாகத் தொடங்குகிறார். கேலியின் சாயலே இல்லை. நாம் உருகத் தொடங்கும் நேரத்தில் தாளம் ட்விஸ்ட்டுக்குத் தாவுகிறது! தொடக்கத்தைக் கிண்டலாகப் பாடியிருந்தால் அந்தத் தாவலுக்கு மதிப்பே இல்லை. டிரம்ஸில் ஹானா ஹஜிமே, டிராம்போனில் தானி கேய் என்று குழுவே அப்படித்தான். ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவர்கள் குலைக்கும்போதுதான் குலைவுக்கு அழகு.

படங்களிலும் இதையே தேடுங்கள். அவர் நடிக்கும் அலுவலகப் புளுகன் கூனிக் குறுகுவதில்லை. நிமிர்ந்த உடம்பு, முழுத்தொண்டைச் சிரிப்பு, துள்ளும் நடை. அவரைப் பொருளாதார வளர்ச்சிக் காலத்தின் ‘குறியீடு’ என்று எழுதி முடித்துக்கொள்ளும் விமர்சகர்கள் பாட்டைக் கேட்கவே இல்லை. குரோசாவாவின் ‘ரான்’ (1985) படத்தில் ஃபுஜிமாகி பிரபுவாக அவர் வந்த பிறகுதான் ‘நடிகர்’ என்று ஒப்புக்கொண்டவர்கள் இன்னும் மோசம்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். நிஜத்தில் அவர் குடிக்காதவர், ஒழுங்குக்காரர். குடியும் குதிரைப் பந்தயமும் நிறைந்த ‘சுதாரா புஷி’யைப் பாடத் தயங்கினார். தவறு என்று தெரிந்தும் விட முடியாததுதான் மனிதன், பௌத்த ஞானி ஷின்ரான் போதித்ததும் அதுவே என்று தைரியம் சொன்னவர் அவருடைய அப்பா. போரை எதிர்த்துச் சிறை சென்ற குரு. இதை மனதில் வைத்து மறுபடி கேளுங்கள். அந்தப் பாட்டில் ஒரு துளி ஏளனம்கூட இல்லாதது அப்போது பிடிபடும். பிறகு 1990-ல், அறுபதைத் தாண்டிய வயதில், பழைய பாட்டுகளைக் கோத்துப் பாடிய ‘சுதாரா தென்செட்சு’வைக் கேளுங்கள். அப்போதும் குரலைக் கோணலாக்கவில்லை மனிதர்.