ஒரு நாள் வாடகைக்குக் கிணறு

மெக்ஸிகோவின் யுகடான் தீபகற்பத்தை மேப்பில் பாருங்கள். வட பாதியில் பேருக்குக்கூட ஓர் ஆறு இருக்காது. மழைக்குக் குறைச்சல் இல்லை, காடும் இருக்கிறது. ஆனால் நதி இல்லை. காரணம், அங்கே தரை முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழையெல்லாம் ஃபில்டரில் ஊற்றிய வெந்நீர் மாதிரி கீழே இறங்கி, பாதாளக் குகைகளில் ஓடுகிறது. குகையின் கூரை எங்காவது இடிந்து விழுந்தால், நடுக்காட்டில் ஒரு பள்ளம். எட்டிப் பார்த்தால் நீலமாகத் தண்ணீர். மாயா மக்கள் இதை 'ட்சோனோட்' என்றார்கள். ஸ்பானியர்கள் வாயில் நுழைந்து அது 'செனோட்டே' ஆகிவிட்டது.

ஆயிரக்கணக்கில் இருக்கும் இந்த இயற்கைக் கிணறுகளில் ஒரு பகுதி, வட்டத்தின் விளிம்பு போல வரிசையாக அமைந்திருக்கிறது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு டைனோசர்களின் கதையை முடித்த விண்கல் விழுந்த இடத்தின் விளிம்பு அது!

இப்படிப்பட்ட கிணற்றைத்தான் இப்போது ஒரு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். கான்கூன், துலும் பக்கம் 'டே ரிட்ரீட்' என்று பெயர். காலையில் ஓட்டல் வாசலுக்கு ஏ.ஸி. வண்டி வரும். காட்டுக்குள் இறங்கியதும் வெள்ளைத் துண்டு, வெல்கம் ட்ரிங்க். கோபால் என்கிற உள்ளூர்ச் சாம்பிராணியால் புகை போட்டுத் திருஷ்டி கழிப்பார்கள். அப்புறம் மசாஜ். 'தெமஸ்கால்' என்ற மண் குடிசையில் ஆவிக் குளியல். கடைசியில் கிணற்றில் முங்கி எழுந்து, வாழையிலை அலங்காரத்தோடு லஞ்ச். சாயங்காலம் திரும்ப ஓட்டல். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்ம பசங்க லீவில் கான்கூன் போனால், இந்த போட்டோக்கள் குடும்ப வாட்ஸ்-அப்பில் வந்து விழும்.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், ஓட்டல் சாம்பாருக்கு எழுதுகிறோம். இதற்கும் எழுதலாம், தப்பில்லை.

முதலில் பாஸ் மார்க். அந்தத் தண்ணீர் நிஜமாகவே அற்புதம். மேலே திறந்த வட்டம் வழியாக வெயில் தூண் மாதிரி இறங்கும். மரங்களின் வேர்கள் கயிறு போலத் தொங்கித் தண்ணீரைத் தொடும். கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் நல்லதுதான். ஐந்நூறு பேர் குதித்துக் கலக்குவதைவிட இருபது பேர் நீந்துவது தண்ணீருக்கு நல்லது. சன்ஸ்க்ரீன் தடவிக்கொண்டு இறங்காதே, ஷவரில் குளித்துவிட்டு இறங்கு என்பதும் நியாயமான விதி.

இனி மைனஸ்கள். ஒன்று, சடங்கு. மசாஜுக்கும் லஞ்சுக்கும் நடுவில் அரை மணி நேரம் மாயா கலாசாரம் பரிமாறப்படுகிறது. மாயாக்காரர்கள் ஏதோ மாயமாய் மறைந்துபோன மர்ம இனம் என்கிற மாதிரி ஒரு பில்ட்-அப் வேறு. மறையவெல்லாம் இல்லை சார். யுகடான் மாயா மொழியை இன்றைக்கும் 7 லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள். உங்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பவரின் வீட்டுப் பாஷையாகவே அது இருக்கலாம். 'புனித நீர்' என்கிறார்களே, அதுவும் பாதிக் கதைதான். சிச்சென் இட்சாவின் பெரிய செனோட்டேயை 1904-லிருந்து எட்வர்டு தாம்ஸன் என்ற அமெரிக்கர் தூர் வாரினார். தங்கமும் பச்சைக்கல்லும் வந்தன, கூடவே மனித எலும்புகளும். பொருட்களில் பெரும்பகுதி ஹார்வர்டு பல்கலைக்கழக மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மழைக் கடவுளுக்கு மனிதர்களையே காணிக்கையாகப் போட்ட கிணறு அது. பக்தியோடு பயமும் கலந்த இடத்திலிருந்து பயத்தை மட்டும் வடிகட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை மசாஜ் எண்ணெயில் கலந்து கொடுக்கிறார்கள்.

இரண்டு, 'பிரைவேட்' என்ற வார்த்தை. மெக்ஸிகோவின் 1917 அரசியல் சட்டத்தின் 27-வது பிரிவு, தண்ணீர் தேசத்துக்குச் சொந்தம் என்கிறது. ஆனால் கிணற்றைச் சுற்றி நிலம் இருக்கிறதே? அதற்கு கேட் போடலாம், பூட்டும் போடலாம். கிராமத்தின் பொது நிலங்களைத் தனியாருக்கு மாற்ற 1992 சட்டத் திருத்தம் வழி செய்தது. ஆக, தண்ணீர் எல்லோருக்கும் சொந்தம். போகிற பாதைதான் ஒருத்தருக்குச் சொந்தம்!

மூன்றாவதுதான் பெரிய மைனஸ். நிலத்துக்கு மேலே வேலி போடலாம், கீழே போட முடியுமா? 2018-ல் முக்குளிப்பவர்கள் துலும் பக்கம் இரண்டு பெரிய குகை அமைப்புகள் ஒன்றோடொன்று சேர்வதைக் கண்டுபிடித்தார்கள். சாக் அக்டுன் என்ற அந்த நீரடிக் குகையின் நீளம் அப்போதே 347 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சி போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். உங்கள் பிரைவேட் கிணற்றுத் தண்ணீர், எங்கேயோ இருக்கிற இன்னொருத்தர் கிணற்றிலிருந்து வருகிறது. நேற்று ராத்திரி நீங்கள் தங்கிய ஓட்டலுக்குக் கீழே ஓடுவதும் இதே சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கிற நிலத்தடி நீர்தான்.

2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தக் கரையோரக் குகை நீரைச் சோதித்துப் பார்த்தால், மருந்து மாத்திரைகளின் மிச்சம், ஷாம்பு, டூத் பேஸ்ட் சமாசாரங்கள், பூச்சிமருந்து, அதோடு கொகெயின் தடயங்களும்! எல்லாம் மிகச் சிறிய அளவில்தான். ஆனால் அவையெல்லாம் காட்டில் விளைகிறவை இல்லையே. 1974-ல் கான்கூனில் முதல் ஓட்டல்கள் திறந்ததிலிருந்து அந்தக் கரை முழுக்க அறைகள் பெருகிக்கொண்டே போகின்றன. ஒழுங்காகச் சுத்திகரிக்காத கழிவு, கல்லுக்குள் இறங்குகிறது. மண் அங்கே மெல்லிய போர்வை. வடிகட்டுவதற்கு அவகாசமே இல்லை. தீபகற்பத்துக்குக் குடிநீரும் இந்த நிலத்தடி நீர்தான். டூரிஸ்ட்டுக்கு அது ஒரு நாள் நீச்சல், கிராமத்துக்காரருக்குச் சமையலறைக் குடம்.

டூரிஸமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. யுகடானில் ஓமுன் என்று ஒரு சின்ன ஊர். அங்கேயும் செனோட்டேக்கள் உண்டு. ஆட்டோ மாதிரி ஒரு மூன்று சக்கர வண்டியில் ஏற்றிப் போய்க் காட்டுகிறார்கள். புகை இல்லை, மசாஜ் இல்லை. டிக்கெட் காசில் பல குடும்பங்கள் சாப்பிடுகின்றன. அந்த ஊருக்குப் பக்கத்தில் 49,000 பன்றிகளை வளர்க்க ஒரு பண்ணை வந்தது. கழிவு நேராகத் தண்ணீருக்குப் போகும் என்று ஊர் எதிர்த்தது. குழந்தைகள் பெயரில் வழக்குப் போட்டார்கள். 2018-ல் பண்ணை இயங்கத் தடை கிடைத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது. கிணறு சோறு போடுகிறது என்பதால் கிணற்றுக்காக ஊரே நின்றது. வெல்கம் ட்ரிங்க் குடித்துவிட்டு சாயங்காலம் வண்டி ஏறுகிற விருந்தாளி கோர்ட் படி ஏறுவாரா?

ஆகவே, புக் பண்ணுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ''உங்க கக்கூஸ் தண்ணி எங்கே போகுது?'' நாகரிகமில்லாத கேள்விதான், பரவாயில்லை. இவ்வளவு பெரிய தொட்டி, இப்படிச் சுத்தம் பண்றோம், மிச்சத்தை இங்கே கொண்டுபோய்க் கொட்றோம் என்று கணக்காகச் சொன்னால் தாராளமாகப் போங்கள், கேட்ட காசைக் கொடுங்கள். பதிலுக்கு வெறும் புன்னகை மட்டும் வந்தால் வேறு இடம் பாருங்கள். அட்வான்ஸ் கட்டியாச்சு, திரும்ப வாங்க முடியாது என்றால், இறங்குங்கள்... வாயை மட்டும் கெட்டியாக மூடிக்கொண்டு நீந்துங்கள்.