செம்பனை ஆலையும் சட்டத்தின் அளவுகோலும்

வளரும் நாடுகளில் சுற்றுச்சூழலைக் காக்கும் தொழில்நுட்பப் புதுமை எதனால் பிறக்கிறது? அரசின் கண்டிப்பே காரணம் என்பர் ஒரு சாரார். இலாப நோக்கே காரணம் என்பர் மற்றொரு சாரார். மலேசியச் செம்பனை ஆலைகளின் வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு நோக்கின், இவ்விரு கூற்றும் குறையுடையன என்பது புலனாகும்.

1970ஆம் ஆண்டுகளில் செம்பனைப் பயிர் பெருகியது, ஆலைகளும் பெருகின. ஆலைக் கழிவுநீர் நஞ்சன்று. ஆயினும் ஆற்றைக் கொல்ல வல்லது. அதிலுள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் உண்ணும்போது, நீரில் கரைந்துள்ள உயிர்வளி தீர்ந்துபோகிறது, மீன்கள் மடிகின்றன. தூய்மை செய்யப்படாத கழிவுநீரில் இவ்வுயிர்வளித் தேவை லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம்.

1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1977இல் செம்பனை ஆலைகளுக்கென விதிகள் வகுக்கப்பட்டன. அப்போது இக்கழிவுநீரைத் தூய்மையாக்கும் தேர்ந்த முறை எதுவும் கைவசம் இல்லை. ஆதலின் 1978இல் 5,000 மில்லிகிராம் எனத் தொடங்கிய வரம்பு, படிப்படியாக இறங்கி 1984இல் 100 ஆயிற்று. முதலாண்டில் வரம்பை மீறிய ஆலைகள், மிகுதிச் சுமைக்கு டன்னுக்கு 100 வெள்ளி செலுத்தித் தொழிலைத் தொடரலாம். அதன்பின் வரம்பு கட்டாயமாயிற்று. ஆராய்ச்சியில் ஈடுபடும் ஆலைகளுக்குக் கட்டணத்தை விலக்கவும் இடமிருந்தது.

விளைவு என்ன? காற்றுப் புகாத ஆழ்குளங்களில் நுண்ணுயிர்களைக் கொண்டே கழிவைச் செரிக்கச் செய்யும் முறை நாடெங்கும் பரவியது. எண்ணெய் உற்பத்தி உயர்ந்துகொண்டிருக்கையிலேயே ஆறுகளில் சேர்ந்த கழிவுச்சுமை பெரிதும் குறைந்தது.

'அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்னும் பழமொழியை முதற் சாரார் இங்குச் சான்று காட்டக்கூடும். ஆயின் அடி மட்டுமா உதவியது? முன்னறிவிப்பும் அவகாசமும் ஆராய்ச்சிக்கு இடமும் இல்லையேல், இல்லாத கருவியைக் கேட்ட சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகவே முடிந்திருக்கும்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. குளத்தில் செரிக்கும் கழிவு மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிப்பது. சட்டம் ஆற்றை அளந்தது, வானத்தை அளக்கவில்லை. எனவே ஆறு ஓரளவு பிழைத்தது. புதுமையும் குளக்கரையோடு நின்றது.

மீத்தேன் எரிபொருளாயிற்றே, இலாபம் ஏன் வழிகாட்டவில்லை? நாரையும் ஓட்டையும் எரித்தே ஆலைகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறுகின்றன. மிகுதியை விற்கவோ, பல ஆலைகள் மின்தொடருக்கு வெகு தொலைவில் உள்ளன. 2020க்குள் எல்லா ஆலைகளிலும் வாயுவைப் பிடிக்க வேண்டுமென 2010இல் இலக்கு வைக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வகை மின்சாரத்துக்கு நிலைத்த விலையும் தந்தது. இருந்தும் அவ்வாண்டு வந்தபோது பெரும்பாலான ஆலைகளில் அவ்வசதி இல்லை. 2014இல் வந்த கட்டாயமும் புதிய ஆலைகளையும் விரிவாக்கம் நாடுவனவற்றையுமே பற்றியது.

கண்டிப்பு புதுமையைத் தூண்டும். இலாபம் அதைப் பரப்பும். ஆனால் அது செல்லும் திசையை வகுப்பது அளவுகோலே. அளக்கப்படாத கேட்டுக்குப் பெரும்பாலான ஆலைகள் தாமே மருந்து தேடியதில்லை என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை.