கையெழுத்தின் வலிமையும் எல்லையும்: சாசன இயக்கத்தின் மனுக்கள்

பிரிட்டனில் 1832இல் நிறைவேறிய சீர்திருத்தச் சட்டம் நகர்ப்புற நடுத்தர வர்க்கத்துக்கு வாக்குரிமை அளித்து, அவர்களோடு தோள் சேர்த்துப் போராடிய தொழிலாளரை வெளியே நிறுத்தியது. உதவி வேண்டிய வறியோரைப் பணிவிடுதிக்குள் தள்ள முற்பட்ட 1834ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கசப்பை முற்றச் செய்தது. 21 வயது நிறைந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, இரகசிய வாக்கெடுப்பு, உறுப்பினராவதற்கான சொத்துத் தகுதி நீக்கம், உறுப்பினருக்கு ஊதியம், சம அளவுத் தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல் என ஆறு கோரிக்கைகளுடன் 1838இல் வெளியான ‘மக்கள் சாசனம்’ இவ்வாறு எழுந்த இயக்கத்துக்குப் பெயர் தந்தது. மனு அதன் முதன்மைக் கருவியாயிற்று.

மனு அளிப்பது 1689 முதல் சட்டம் காத்துவந்த உரிமை என்பதால், வாக்கற்றோர் ஆட்சியாளரிடம் பேசுவதற்கு எஞ்சியிருந்த முறையான வழி அதுவே. அதன் உண்மையான பயன் நாடாளுமன்றத்துக்கு வெளியே விளைந்தது. கையெழுத்துக்காக ஊர் ஊராகக் கூட்டம் கூட வேண்டியிருந்தது; இயக்கத்தின் ‘நார்தன் ஸ்டார்’ இதழை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டனர்; தனித்தனியே முணுமுணுத்த நெசவாளரும் சுரங்கத் தொழிலாளரும் தம்மை ஒரே வர்க்கமாக எண்ணப் பழகினர். 1840இல் மான்செஸ்டரில் தேசிய சாசனச் சங்கம் உருவானதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

ஆயினும் மனுவைப் பெறுபவரே அதன் நீதிபதி. ஏறத்தாழ 12.8 லட்சம் கையெழுத்துகள் கொண்ட 1839ஆம் ஆண்டு மனு 235க்கு 46 என்ற வாக்குகளிலும், 33 லட்சத்தைத் தாண்டிய 1842ஆம் ஆண்டு மனு 287க்கு 49 என்ற வாக்குகளிலும் ஏற்கப்படாமல் போயின. அனைவருக்கும் வாக்குரிமை சொத்துடைமைக்கே முடிவு கட்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர் மெக்காலே வாதிட்டார். மறுக்கப்பட்டால் அடுத்து என்ன என்பதற்கு இயக்கத்திடம் ஒருமித்த விடை இல்லை. ‘புனித மாதம்’ எனப்பட்ட பொது வேலைநிறுத்தம் 1839இல் அறிவிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வேல்ஸின் நியூபோர்ட்டில் கிளர்ந்தெழுந்தோரில் இருபது பேருக்கு மேல் படையினரின் துப்பாக்கிக்கு இரையாயினர். இயக்கத் தலைவர்களுள் ஒருவரான லவெட்டின் அறவலிமை வாதமும், தேவையானால் ஆயுதம் என்ற எதிர்வாதமும் ஒன்றையொன்று தேய்த்தன.

எண்ணிக்கையையே வாதமாக்கியதன் அபாயம் 1848இல் வெளிப்பட்டது. ஏப்ரல் 10 அன்று லண்டனின் கென்னிங்டன் திடலில் மக்கள் திரண்டபின் அளிக்கப்பட்ட மனுவில் 57 லட்சம் பெயர்கள் உள்ளதாக இயக்கத் தலைவர் ஓ’கானர் முழங்க, நாடாளுமன்றக் குழு 19,75,496 மட்டுமே என்றது. விக்டோரியா அரசி, வெலிங்டன் கோமகன் ஆகியோரின் பெயர்களும் அதில் போலியாக இடம்பெற்றிருந்தன. 13 எழுத்தர்கள் 17 மணி நேரத்தில் எண்ணியதாகச் சொல்லப்பட்ட கணக்கு, ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 பெயர்கள் என்றாவதால், அதுவும் முழு நம்பிக்கைக்குரியதன்று. ஆனால் மிகையாகச் சொன்னவரின் குற்றம் எதிரியின் பிழையால் குறைந்துவிடாது: ஏறத்தாழ இருபது லட்சம் பேரின் கோரிக்கை கேலிச்சித்திரப் பொருளாக மாற ஓ’கானரின் முழக்கமே வழிவகுத்தது.

நாடாளுமன்றத்தை அசைக்கும் கருவியாக மனு தோற்றது. வாக்கற்றோரை அமைப்பாக்கும் கருவியாக வென்றது. சாசனத்தில் ஆண்டுத் தேர்தல் ஒழிந்த ஏனைய கோரிக்கைகள் பின்னர் வெவ்வேறு காலங்களில், பெரும்பாலும் வேறு கட்சிகளின் கையால் நிறைவேறின. இயக்கத்தின் பெரிய குறை அதன் கோரிக்கைக்குள்ளேயே இருந்தது: மனுக்களில் பெருந்தொகையாகக் கையெழுத்திட்ட பெண்களுக்கு அது வாக்குக் கேட்கவில்லை. 21 வயது ஆண்களுக்கெல்லாம் வாக்களித்த 1918ஆம் ஆண்டுச் சட்டமும் பெண்களுக்கு 30 வயதையும் சொத்துத் தகுதியையும் விதித்தது. சமநிலை 1928இல்தான் வந்தது.