சிற்றறையில் தஃப்

தஃப் கொட்டுவது ஆகுமா, ஆகாதா என்பது குறித்து நம் மதரஸாக்களில் நிகழ்ந்த வாதங்களுக்குக் கணக்கில்லை. எவ்வளவு ஓசையில் கொட்டுவது என்பது பற்றிய பேச்சைக் கேட்பதோ அரிதினும் அரிது.

அண்மையில் ஒரு நிக்காஹ் வீட்டின் மாடியறையில் இக்குறையை நேரில் உணர்ந்தோம். 12க்கு 16 அடி இருக்கும். விரிப்பற்ற தரை, வெறுஞ் சிமெண்டுச் சுவர்கள், எட்டு இளைஞர், எட்டுத் தஃப். நபிபுகழ் பைத்து ஓதினர். ஒரு சொல்லும் செவியில் விழவில்லை. பாடகர் குரலை உயர்த்த, கொட்டுவோர் கையை ஓங்க, பின்னர் யாரோ பாடகருக்கு ஒலிபெருக்கியும் கொண்டுவந்தனர்! வீட்டின் மூதாட்டி காதைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். அருகிலிருந்த மூத்த உஸ்தாது ஒருவர், "இதனால்தான் ஹஸ்ரத், வேண்டாம் என்கிறோம்" என்றார். விடை கூற நம்மால் இயலவில்லை.

பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) இல்லத்தில் இரு சிறுமியர் தஃப் கொட்டிப் பாட, நபி (ஸல்) அவர்கள் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்ததும், கண்டிக்க முனைந்த அபூபக்ர் (ரலி) அவர்களைத் தடுத்ததும் புகாரியில் உள்ள செய்தி. அனுமதிக்குச் சான்றாக இதை எடுத்தாளுவோர் அந்த அறையைக் கவனிப்பதில்லை. நபியவர்களின் துணைவியர் இல்லங்களின் கூரையைத் தம் கையால் தொட முடிந்ததாக ஹஸன் பஸரீ (ரஹ்) கூறியது 'அல்அதபுல் முஃப்ரத்'தில் பதிவாகியுள்ளது. கையெட்டும் கூரையின்கீழ், படுத்திருப்பவர் அருகே எழுந்த ஓசை அது. ஊர்வல முழக்கமாக அது இருந்திருக்க முடியாது என்பதே நம் துணிபு.

சலங்கைத் தகடுகளையே குற்றவாளியாக்குவோரும் உளர். இமாம் நவவீ (ரஹ்) 'மின்ஹாஜ்'இல் சலங்கையுள்ள தஃபையும் ஆகும் என்றே கூறியுள்ளார். ஆட்களைக் குறைத்தால் போதும் என்பதும் அரைத்தீர்வே. ஒரே அளவு ஓசையெழுப்பும் எட்டுத் தஃப்கள் ஒன்றைவிடச் சுமார் 9 டெசிபல் மட்டுமே கூடுதலாக ஒலிக்கும். செவிக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகவே தோன்றும். எட்டு மடங்கன்று. ஆகவே எழுவரை வெளியேற்றினாலும், எஞ்சிய ஒருவர் மைதானத்து அடியையே அடித்தால் சிற்றறையில் பயனில்லை.

அடக்கம் கையில்தான் தொடங்கவேண்டும். தோளிலிருந்து வீசும் அறையை விடுத்து, மணிக்கட்டையும் தளர்த்தி, விரல் நுனிகளால் விளிம்போரம் தட்டினால் தாளம் தெளிவாகவும் மெலிதாகவும் வரும். தோலின் நடுவே விழும் அடியில் பிறக்கும் கனத்த ஒலியே அறையை நிரப்பி, சுவர் கடந்து அண்டை வீட்டையும் எட்டுவது. வட்டத்தைத் தாங்கும் கையின் விரலொன்றைத் தோலின் உட்புறம் அழுத்தினால் அதன் நீட்சி உடனே அறும். விரிப்பும் திரையும் சலங்கையின் கூரிய ஒலியை உறிஞ்சும். கனத்த ஒலியை அவை பெரிதாகத் தடுப்பதில்லை. மூலையில் அமர்வதோ, சுவர்கள் அக்கனத்தை மேலும் பெருக்குவதால், தவிர்க்கத்தக்கது.

ஸமாவுக்குக் காலம், இடம், தோழர் என மூன்றும் பொருந்தவேண்டும் என்ற ஜுனைத் (ரஹ்) அவர்களின் கூற்றை இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) 'இஹ்யா'வில் எடுத்தோதுகிறார். இடம் என்பதில் சுவரையும் கூரையையும் நாம் சேர்த்துக்கொண்டால் பிழையாகுமா? நம் பயிற்றுநர்களோ திறந்த வெளியிலேயே கற்பிக்கின்றனர். மேடைக்கும் ஊர்வலத்துக்கும் உரிய ஒரே அடியை மாணவர் எல்லா இடத்துக்கும் சுமந்து செல்கின்றனர்.

அன்று விருந்து முடிந்தபின் அவ்விளைஞருள் இருவரை அழைத்து, அறையின் நடுவே அமர்த்தி, விரலால் மட்டும் கொட்டச் செய்தோம். ஒலிபெருக்கி அணைக்கப்பட்டது. அதே பைத்து. இரண்டாம் அடி முடிவதற்குள் அந்த உஸ்தாது நம் பக்கம் சாய்ந்து, இது யார் இயற்றியது என்று கேட்டார்.