குரலுக்கு யார் வாரிசு?

பெர்லினில் எதெல்கா கெர்ஸ்டர் நடத்திய பாட்டுப் பள்ளி, லோட்டே லேமான் என்ற மாணவியை வெளியே அனுப்பியது. பாட்டுக்கு இவர் சரிப்பட மாட்டார் என்பது பள்ளியின் தீர்ப்பு. கெர்ஸ்டர் லேசுப்பட்டவர் அல்ல. ஐரோப்பிய ஓபரா மேடைகளில் கொடிகட்டிப் பறந்த சொப்ரானோ (உச்சப் பெண்குரல்), மத்தில்தே மார்க்கேஸியின் மாணவி. மார்க்கேஸியோ மானுவேல் கார்சியாவிடம் படித்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைவிட உயர்ந்த பரம்பரை கிடையாது. அந்தப் பரம்பரை தள்ளிவிட்ட பெண்ணை நம்பித்தான் பின்னாளில் இசையமைப்பாளர் ரிச்சர்டு ஸ்ட்ராஸ் தன் புதிய பாத்திரங்களை ஒப்படைத்தார்.

ஓபரா உலகின் சிஷ்ய பரம்பரைப் பெருமை, நம் சங்கீதக்காரர்களின் பாடாந்தரப் பெருமைக்குக் குறைந்ததல்ல. அதற்குக் காரணமும் இருக்கிறது. நூறு வயது தாண்டி வாழ்ந்த கார்சியா (1805–1906), 1841இல் குரல் கெட்டுப்போய் வந்த பாடகி ஜென்னி லிண்டுக்கு முதலில் பாட்டே சொல்லித்தரவில்லை. சில வாரம் பாடவே கூடாது என்று அனுப்பிவிட்டார். 1854இல் சிறு கண்ணாடிகளையும் சூரிய ஒளியையும் வைத்துக்கொண்டு தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். 1886இல் பாரிஸில் மார்க்கேஸியிடம் வந்து சேர்ந்த நெல்லி மெல்பா, மறு ஆண்டே பிரஸ்ஸல்ஸில் மேடையேறினார். மார்க்கேஸியின் இன்னொரு மாணவி எஸ்டெல் லீப்ளிங், நியூயார்க்கில் பெவர்லி சில்ஸைச் சிறுமியாக ஏற்றுப் பெரும் பாடகியாக்கினார். கோடு போட்டுப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. கெர்ஸ்டர் நிற்பதும் அதே கோட்டில்தான் என்பதுதான் சிக்கல்.

குரல் பயிற்சியில் முறைக்கு ஓர் எல்லை உண்டு. வாத்தியம் உடம்புக்குள் இருக்கிறது. பாடுகிறவர் தன் குரலை எலும்பு வழியாகவும் கேட்பதால், அரங்கில் விழும் ஒலி அவருக்குத் தெரியாது. ஒலிபெருக்கி இல்லாமல் வாத்தியக் குழுவைத் தாண்டியும் ஒலிக்க வேண்டும். ஸ்வீடனின் குரல் ஆய்வாளர் யோஹான் சுந்த்பெரி 1970களில் இதன் இயற்பியலை விளக்கினார். வாத்தியக் குழுவின் வலு 500 ஹெர்ட்ஸை ஒட்டியே குவிகிறது. ஆண் பாடகர்கள் 3,000 ஹெர்ட்ஸ் அருகே தொண்டையில் உண்டாக்கும் அதிர்வு அதற்கு மேலே எழும்பி ஒலிக்கிறது. சொப்ரானோவின் உச்ச ஸ்வரங்களுக்கு வழி வேறு. ‘இ’ என்ற உயிரொலியின் முதல் ஒத்ததிர்வு சுமார் 300 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அவர் பாடும் ஸ்வரமோ 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டும். தாடையை இறக்கி, வாயைத் திறந்து, ஒத்ததிர்வை ஸ்வரம் வரை உயர்த்தினால்தான் ஒலி நிறையும். அப்போது ‘இ’யும் ‘ஆ’வும் ஒன்றுபோலவே கேட்கும். உச்சத்தில் சொல் புரியவில்லை என்று பாடகியைக் குறை சொல்வது பாதி அநியாயம். இதையெல்லாம் அறிந்தாலும் பாட வந்துவிடாது. எதிரே உட்கார்ந்து கேட்கும் ஒரு காது வேண்டும்.

லேமானுக்கு அந்தக் காதாக அமைந்தவர் மத்தில்தே மாலிங்கர். 1868இல் மியூனிக்கில் வாக்னரின் ‘மைஸ்டர்சிங்கர்’ முதன்முதலாக அரங்கேறியபோது ஈவாவாகப் பாடியவர். 1910இல் ஹாம்பர்க்கில் சின்ன வேடத்தில் தொடங்கிய லேமான், 1916இல் வியன்னாவில் ஸ்ட்ராஸின் திருத்திய ‘அரியாட்னே’யில் இசையமைப்பாளன் வேடத்தில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். ‘ரோசன்காவலியர்’ ஓபராவில் சோஃபி, ஆக்டேவியன், மார்ஷலின் என மூன்று பெண்குரல் வேடங்களையும் பாடிய அபூர்வம் அவர். மூச்சு மட்டும் குறைவு. தொடரின் நடுவில் நின்று மூச்சு வாங்குவார். கேட்டவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், அவரிடம் சொல் உயிரோடு இருந்ததால். 1938இல் ஆஸ்திரியா ஹிட்லர் கைக்குப் போனபின் அமெரிக்காவில் தங்கிவிட்டார்.

பின்னாளில் லேமானும் ஆசிரியரானார். ஆசிரியராக அவருக்கு நேர் எதிர் எல்விரா தே இடால்கோ. ‘செவில்லின் நாவிதர்’ ரோசினாவாகப் பெயரெடுத்த, இலகுவான குரல்காரி. ஏதென்ஸ் கன்சர்வேடரியில் அவரிடம் வந்த மரியா காலஸின் குரலோ கனத்தது. அந்தக் கனத்தை அப்படியே வளரவிடாமல், வேகமான அலங்காரப் பயிற்சிகளால் நெகிழ்த்தினார். காலஸ் காலையில் வந்தால் மற்றவர்கள் பாடம் முடியும்வரை உட்கார்ந்து கேட்பார். பின்பு இடால்கோ துருக்கியிலும் கற்பித்தார். குரலின் அடிப்படையிலேயே கைவைத்த ஆசிரியர் இவர்.

லேமான் அதைச் செய்யவில்லை. 1951இல் நியூயார்க்கில் விடைபெற்றபின், தானும் சேர்ந்து உருவாக்கிய சாண்டா பார்பரா இசை அகாடமியில் அவர் நடத்திய வகுப்புகளில் பாவம்தான் பாடம். ஓய்ந்த குரலில், ஒரு ஸ்தாயி கீழே பாடிக் காட்டுவார். முகமும் கையும் மீதியைச் சொல்லிவிடும். பார்க்க அற்புதம், ஆனால் ஆபத்தும் அதில்தான்: மாணவி அந்தப் புருவத்தைக் காப்பியடிக்கத் தொடங்கிவிடுவாள். காப்பியடிப்பது கலைக்குப் பகை என்று லேமானே முன்பு ஒரு புத்தகத்தில் எச்சரித்திருந்தார். அங்கே கிரேஸ் பம்ப்ரிக்குக் குரல் நுட்பம் கற்பித்தவர் ஆர்மீனிய டெனர் அர்மான்ட் டோக்கத்தியான். வரலாறு பம்ப்ரியை லேமானின் மாணவி என்று மட்டும் எழுதிக்கொண்டது. டோக்கத்தியானுக்கு அடிக்குறிப்பில் இடம் கிடைத்தால் பெரிது.

சாண்டா பார்பராவில் லேமானிடம் கற்றவர்களில் மிகப் பெரிய பெயர் பெற்ற பம்ப்ரியும் மேரிலின் ஹார்னும் புகழடைந்தது சொப்ரானோவைவிடத் தாழ்ந்த பெண்குரலான மெட்ஸோ-சொப்ரானோக்களாக. சொப்ரானோவான குருவின் வேடங்களில் பெரும்பாலானவை அந்தக் குரலுக்கு உரியவை அல்ல. காப்பியடிக்க நினைத்தாலும் முடியாது. ஹார்ன் ரோசினியின் பக்கம் போனார், பம்ப்ரி வெர்டியின் பக்கம்.