அஞ்சத் தகுவது எது?

பள்ளிக்கூடம் ஒன்று. பலகை இல்லை; பாடநூல் இல்லை. இடிந்த கட்டடத்தின் இருட்டறையிலே, கந்தல் உடுத்த சிறுவர் சிறுமியர் சிலர் குந்தியிருக்கின்றனர். எதிரே தொலைக்காட்சிப் பெட்டி. தேய்ந்து நைந்த பழைய ஒளிநாடா ஒன்று அதில் ஓடுகிறது. நாடு நாடாக இருந்த நாளில், எழுத்தறியத் தொடங்கும் இளஞ்சிறார்க்கென ஒளிபரப்பான பாட நிகழ்ச்சி அது. படம் துள்ளுகிறது, குரல் இழுக்கிறது. விலங்குகளின் எலும்புக்கூடுகளைக் காட்டிச் சொற்களைச் சொல்லிக் கொடுக்கிறது பெட்டி. பிள்ளைகள் பார்க்கின்றனர். கண்ணிலே வியப்பில்லை, வாயிலே வினா இல்லை!

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம், படங்களிலே எத்தனையோ பள்ளிக்கூடங்களைக் கண்டிருக்கிறோம். இப்படி நெஞ்சைப் பிசைந்த பள்ளிக்கூடத்தை வேறெங்கும் கண்டதில்லை.

படத்தின் பெயர் 'திரெட்ஸ்'. நூலிழைகள் என்பது பொருள். 1984ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் பிரிட்டனின் பி.பி.சி. தொலைக்காட்சி இதனை ஒளிபரப்பியது. எழுதியவர் பாரி ஹைன்ஸ். இயக்கியவர் மிக் ஜாக்சன். அணுப்போர் மூண்டால் ஷெஃபீல்டு எனும் தொழில் நகரம் என்ன ஆகும், நாடு என்ன ஆகும், நாகரிகம் என்ன ஆகும் என்பதே கதை. திறனாய்வாளர் போற்றினர், 1985இல் பரிசுகளும் குவிந்தன. நாற்பதாண்டு நிறைவையொட்டி 2024 அக்டோபரில் மீண்டும் ஒளிபரப்பாயிற்று.

பெற்றோரோ பதறினர். சிறுவயதில் இதனைப் பார்த்துவிட்டுப் பல இரவுகள் உறக்கமிழந்து கிடந்ததை, இன்று நடுவயது எய்திய பிரிட்டிஷ் மக்கள் பலர் சொல்லக் கேட்கிறோம். "கலை என்கிறீர்கள், சரி, உண்மை என்கிறீர்கள், அதுவும் சரி, இதனைக் குழந்தை பார்க்கலாமா?" என்று கேட்கின்றனர் பெற்றோர்.

எள்ளி நகையாடி ஒதுக்கத் தக்க கேள்வியன்று இது. நேர்மையான கேள்வி. நேர்மையான விடை தரப்படல் வேண்டும்.

* * *

முதலில் படம் காட்டுவது என்ன என்று பார்ப்போம்.

சிலந்தி வலை பின்னுகிறது. சமுதாயமும் இப்படித்தான்: ஒருவர் உழைப்போடு மற்றவர் தேவை இழையிழையாகப் பின்னிக் கிடக்கிறது, அந்தப் பின்னலே அதன் வலிவு, அந்தப் பின்னலே அதன் நொய்ம்மை என்கிறது பின்னணிக் குரல். பிறகு ஜிம்மி, ரூத் என்ற இளங்காதலர். ரூத் கருவுற்றிருக்கிறாள். மணம் முடிக்கவும் குடியேறவும் வீடு தேடிச் சுவருக்கு வண்ணத்தாள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனர். ஈரானில் நெருக்கடி என்று வானொலி முழங்குகிறது. கேட்பார் இல்லை! மதுக்கடையில் பேச்சு, வீட்டில் சமையல், தெருவில் விளையாட்டு. செய்தி சுவரில் மோதி விழுகிறது. பிறகு ஒரு நாள் காலை எட்டரை மணி. குண்டு விழுகிறது.

குண்டு விழும் காட்சி சில நிமிடங்களே. அதற்குப் பின் வருவதுதான் படம். நகராட்சிக் கட்டடத்தின் நிலவறையில், நாட்டை நடத்தவென்று அமர்த்தப்பட்ட அதிகாரிகள் அங்கேயே சிக்கி மாள்கின்றனர். மருத்துவமனையில் மருந்தில்லை, மயக்க மருந்துமில்லை. பணத்துக்கு மதிப்பில்லை, சோறுதான் நாணயம். வாகனங்களுக்கு அபராதச் சீட்டு எழுதிவந்த போக்குவரத்துக் காவலர், முகத்தில் கட்டுடன், கையில் துப்பாக்கியுடன் கைதிகளைக் காக்கிறார். ஜிம்மி என்ன ஆனான்? படம் கடைசிவரை சொல்லவில்லை. ரூத் துணையின்றி ஒரு பெண் மகவை ஈன்றெடுக்கிறாள். ஆண்டுகள் செல்கின்றன. மக்கள்தொகை இடைக்கால அளவுக்கு, நாற்பது இலட்சத்துக்கும் ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கும் இடையே சுருங்கிவிடும் என்று எழுத்து ஓடுகிறது. வயலில் உழைத்து உழைத்து, பார்வை மங்கி, இளமையிலேயே கிழவியாகி ரூத் இறக்கிறாள்.

மகள் ஜேன் அருகே நிற்கிறாள். அம்மா என்றழைக்கவில்லை, பெயர் சொல்லி, எழு, வேலை என்று இரண்டொரு சொல் சொல்லிப் பார்க்கிறாள். தாய் எழவில்லை. அவள் அழவில்லை. போய்விடுகிறாள்!

இங்கேதான் ஹைன்ஸ் யார் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். யார்க்‌ஷயர் நிலக்கரிச் சீமையில் பிறந்தவர். உடற்பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1968இல் அவர் எழுதிய புதினத்தை, 'கெஸ்' என்ற பெயரில் கென் லோச் 1969இல் படமாக்கினார். அதிலே பில்லி என்றொரு ஏழைச் சிறுவன். வீட்டிலே அடி, பள்ளியிலே பிரம்படி. மக்கு என்று ஒதுக்கப்பட்ட அவன், ஒரு புத்தகத்தைத் திருடியேனும் படித்து, வல்லூறு இனப் பறவை ஒன்றை வளர்த்துப் பழக்குகிறான். வகுப்பிலே ஓர் ஆசிரியர், "அதைப் பற்றிச் சொல்" என்கிறார். ஊமை போலிருந்த பிள்ளை பேசத் தொடங்குகிறான். சொல் சுரக்கிறது, வகுப்பே வாய்மூடிக் கேட்கிறது. ஒரு பிள்ளையின் நாவிலே மொழி மலர்வதை அங்கே காட்டிய அதே கை, பதினைந்தாண்டு கழித்து, ஒரு தலைமுறையின் நாவிலே மொழி பட்டுப்போவதைக் காட்டுகிறது. ஜேன் பேசுவது ஆங்கிலந்தான். ஆனால் வேற்றுமையும் வினைமுற்றும் உதிர்ந்த ஆங்கிலம். அம்மா என்ற சொல்லும் அதிலே உதிர்ந்துவிட்டது. அந்தச் சொல்லோடு உறவும் உதிர்ந்துவிட்டது.

மாளிகை சரிவதைக் காட்டப் பணம் போதும். மொழி சரிவதைக் காட்ட ஓர் ஆசிரியர் வேண்டும். இப்படத்தின் தலையாய வெற்றி இதுவே என்போம்.

* * *

பெற்றோர் கேள்விக்கு வருவோம். குழந்தைகள் மனம் நோகும் என்று சொல்லித் திரையை மூடியவர்கள் பெற்றோர் மட்டுமல்லர்.

1965இல் பீட்டர் வாட்கின்ஸ் என்ற இளைஞர் இதே பி.பி.சி.க்காக 'தி வார் கேம்' என்ற படத்தை எடுத்தார். கெண்ட் மாவட்டத்தில் அணுகுண்டு விழுந்தால் என்ன நேரும் என்று காட்டியது அது. அன்று பி.பி.சி.யின் தலைவர் நார்மன்புரூக் பிரபு. 1962 வரை அமைச்சரவைச் செயலாளராக இருந்தவர். அவர் அரசாங்கத்தின் காதிலே செய்தியைப் போட்டார். 1965 செப்டம்பரில் உயர் அதிகாரிகளுக்குப் படம் போட்டுக் காட்டப்பட்டது. நவம்பரில் அறிவிப்பு வந்தது: ஒளிபரப்புக்கு ஒவ்வாத அளவுக்குக் கொடூரமானதாம்! 'அப்சர்வர்' ஏட்டின் திறனாய்வாளர் கென்னத் டைனன், இதுவரை எடுக்கப்பட்ட படங்களுள் மிக முக்கியமானது இதுவாகவே இருக்கலாம் என்று எழுதினார். 1967இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. ஆயினும் பிரிட்டிஷ் மக்கள் தங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அதனைக் காண 1985 ஜூலை 31 வரை, இருபதாண்டு, காத்திருக்க நேர்ந்தது.

படத்தைப் பார்த்தால் மக்கள் அஞ்சுவர் என்றனர். அவர்கள் அஞ்சியது வேறொன்றுக்கு: மக்கள் அஞ்சினால் கேள்வி கேட்பர்! மக்களையெல்லாம் குழந்தைகளாக்கித் தம்மைத் தந்தையராக்கிக் கொண்டது ஆளுங்கூட்டம்.

அந்தத் தந்தையார் குழந்தைகளுக்குச் சொன்ன தாலாட்டு என்ன? 1980இல் பிரிட்டிஷ் அரசு ஐம்பது பென்ஸ் விலையில் ஒரு கையேடு விற்றது. 'பாதுகாத்துப் பிழைத்திருங்கள்' என்ற கருத்துடைய பெயர். கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வையுங்கள், அடியில் பதுங்குங்கள். சன்னல் கண்ணாடிக்கு வெள்ளையடியுங்கள். இறந்தவரை மூடி, பெயர்ச்சீட்டுக் கட்டி, வேறு அறையில் வையுங்கள். இவைதாம் அறிவுரைகள்! திரெட்ஸ் படத்தில் அந்தக் குரல் வானொலியில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. கேட்ட குடும்பம் கதவைக் கழற்றுகிறது, மெத்தையை அடுக்குகிறது, பிறகு மாள்கிறது. பொய் ஆறுதலைவிடப் பெரிய கொடூரம் உண்டோ?

* * *

அச்சம் இருவகை. அறிவை அவிப்பது ஒன்று. அறிவை எழுப்புவது மற்றொன்று.

இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரத்துப் புனித தாமஸ் தேவாலயத்திலே பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று உண்டு. இறுதித் தீர்ப்பு நாள். பாவிகளைப் பேய்கள் நரகத்தின் வாய்க்குள் இழுத்துச் செல்கின்றன. அவ்வோவியத்தின் கீழே தலைமுறை தலைமுறையாகப் பெற்றோர் தம் பிள்ளைகளைக் கைப்பிடித்து நிறுத்தினர். எத்தனை வயதுக்கு மேற்பட்டோர் காணலாம் என்று எவரேனும் கேட்டனரோ? நம் நாட்டிலே எண்ணெய்க் கொப்பரையும் எமகிங்கரரும் வரைந்த நரகப் படத்தைக் காட்டிப் பச்சைக் குழந்தையைப் பயமுறுத்தாத வீடுகள்தாம் எத்தனை? பிள்ளை நடுங்கினால் பக்தி வளர்கிறது என்று மகிழ்ந்தோரே மிகுதி!

இல்லாத நரகைக் காட்டும் அச்சம், மண்டியிடு என்கிறது. வரக்கூடிய நரகைக் காட்டும் அச்சம், தடுத்து நிறுத்து என்கிறது. முன்னதை மனிதன் ஆக்கவில்லை என்பர். ஆகவே மாற்றவும் முடியாது என்பர். பின்னதை ஆக்குபவன் மனிதன். ஆகவே மாற்றவும் முடியும். திரெட்ஸ் படத்தில் கடவுள் வந்து காக்கவில்லை. கதாநாயகன் வந்து மீட்கவில்லை. பகுத்தறிவாளர் இதனைக் குறையென்னார். அச்சத்தை முற்றும் இகழ்ந்தவரல்லர் வள்ளுவர். எதற்கு அஞ்ச வேண்டும் எனத் தெரிந்திருத்தலை அறிவுடைமையின் பாற்பட்டதாகவே அவர் கண்டார்.

அப்படியாயின் எல்லாக் குழந்தைக்கும் காட்டிவிடலாமா? கூடாது! அச்சத்தைச் சிந்தனையாக மாற்றும் வலிவு ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏது? அதற்கு அச்சம் அச்சமாகவே நெஞ்சில் தங்கிவிடும். நெஞ்சுரம் வளருமென்று பிஞ்சுகளை இழுத்து வந்து உட்கார வைப்பது அறிவுமன்று, அன்புமன்று. பிரிட்டனில் பதினைந்து வயதுக்குக் குறைந்தோர்க்கு ஆகாது என்று வகுத்திருப்பது தக்கதே.

பிஞ்சுகளிடம் பேசவே கூடாதா? பேசலாம், பேசிக் காட்டியவர் உண்டு. அமெரிக்காவில் 1983 நவம்பர் 20ஆம் நாள் ஏ.பி.சி. தொலைக்காட்சி 'தி டே ஆஃப்டர்' என்ற அணுப்போர்ப் படத்தை ஒளிபரப்பிற்று. ஏறத்தாழப் பத்துக் கோடிப் பேர் பார்த்தனர். தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை: மிகச் சிறு பிள்ளைகளைப் பார்க்க விடாதீர்கள், வளர்ந்த பிள்ளைகள் பார்க்கும் வீட்டில் குடும்பமாக அமர்ந்து, கேட்கும் கேள்விக்கு விடை சொல்லுங்கள். அதே நவம்பரின் இரண்டாம் வாரத்தில், குழந்தைகளின் அன்புக்குரிய ஃபிரெட் ராஜர்ஸ் தம் நிகழ்ச்சியில் ஐந்து நாள் ஒரு பொம்மைக் கதை சொன்னார். அண்டை ஊரார் குண்டு செய்கிறார்கள் என்று ஐயுற்ற அரசன், நாமும் செய்வோம் என்று கிளம்புகிறான். போய்ப் பார்த்தால், அண்டை ஊரார் செய்துகொண்டிருந்தது பாலம்! குண்டின் புகையைக் காட்டாமலே, குண்டு பிறக்கும் ஐயத்தைக் குழந்தைக்குக் காட்டிவிட்டார். வயதுக்கேற்ற உணவு போல வயதுக்கேற்ற உண்மை! அதிபர் ரீகனோ முன்னதாகவே 'தி டே ஆஃப்டர்' பார்த்துவிட்டு, மிகவும் மனச்சோர்வு கொண்டதாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். அச்சம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

* * *

திரெட்ஸ் படத்தில் குறையே இல்லையா? உண்டு. போர் வேண்டாம் என்று கூடும் மக்கள் சில நொடியே தோன்றி மறைகின்றனர். எவர் முடிவால் போர் வந்தது, எங்கே அதனைத் தடுத்திருக்கலாம் என்று படம் சொல்லவில்லை. குண்டு மழையைப் போல வானிலிருந்து விழுகிறது. வானத்திலிருந்து விழுவதாகக் காட்டினால், விதியென்று எண்ணிவிடுவார் உண்டு. பெருந்துன்பத்திலும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கும் மனித இயல்புக்குப் படம் இன்னும் சிறிது இடம் தந்திருக்கலாம் என்றும் நமக்குத் தோன்றுகிறது. இருளை முழுதும் காட்டிய ஹைன்ஸ், விளக்குக்குரிய எண்ணெயை நம் கையிலேயே விட்டுவிட்டார்.

ஆகவேதான் பெற்றோர்க்கு வேலை மிகுதி. படத்தின் இறுதியிலே ஜேன் குழந்தை பெறுகிறாள். கையில் தரப்பட்ட மகவைப் பார்க்கிறாள். அலற வாய் திறக்கிறாள். அங்கே படம் நின்றுவிடுகிறது, அலறல் ஒலிக்கவில்லை. அந்தத் தாய்க்கு அகவை பதின்மூன்று. நம் வகுப்பறைப் பிள்ளைகளின் அகவை!

இன்றும் உலகில் ஏறத்தாழ 12,000 அணுகுண்டுகள் உள்ளன. அவற்றைத் தடை செய்யும் உடன்படிக்கை 2021 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. அணுகுண்டு வைத்திருக்கும் நாடு எதுவும் அதிலே கையொப்பமிடவில்லை. இந்நிலையில் பெற்றோரை நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: பிள்ளையின் கண்ணைப் பொத்துவதற்கு முன், நீங்கள் கண்ணைத் திறந்து படத்தை ஒரு முறை பாருங்கள். பிள்ளை பதினைந்தை எட்டும்போது அருகில் அமர்ந்து பார்க்கச் செய்யுங்கள். முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். அது கேட்கும், விடை சொல்லுங்கள். விடை தெரியாதாயின், சேர்ந்து தேடுங்கள்.

இரவெல்லாம் உறங்காத பிள்ளைக்காக வருந்துகிறோம். பட்டப்பகலில் உறங்கும் பெரியவர்களுக்காக அதனினும் வருந்துகிறோம்.