அழுகும் சரக்கு

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் விலை படியவில்லை என்று கோபித்துக்கொண்டு மூட்டையை வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாது. நாலு நாளில் பழம் வாடிவிடும். நஷ்டம் விவசாயிக்குத்தான்.

விளையாட்டு வீரரின் உடம்பும் அதே ரகச் சரக்குதான். அமெரிக்க ஃபுட்பாலில் லெவியான் பெல் என்கிற பிட்ஸ்பர்க் நட்சத்திரம், கேட்ட ஒப்பந்தம் கிடைக்காததால் 2018 சீசன் முழுக்க மைதானத்துக்கே வரவில்லை. விட்ட தொகை சுமார் 1.45 கோடி டாலர். 2019-ல் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். பழைய ஆட்டம் திரும்பவில்லை.

நம்மவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். 2002 கொழும்பு சாம்பியன்ஸ் டிராபிக்கு முன்னால் ஐ.சி.சி. ஒரு ஷரத்து போட்டது: அதிகாரபூர்வ ஸ்பான்சர்களின் போட்டிக் கம்பெனிகளுக்கு விளம்பரத்தில் நடிக்கக் கூடாது. நம் வீரர்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். கங்குலி, டெண்டுல்கர், திராவிட் இல்லாத மேட்சை டி.வி.யில் யார் பார்ப்பார்கள்? கடைசியில் ஷரத்துதான் தளர்ந்தது.

'பணத்தாசை பிடித்தவர்கள்' என்று திட்டுவது சுலபம். ஆனால் கிராக்கி இருக்கும்போது விலை கேட்பது பாவமா என்ன? என் புகார் வேறு. அந்தப் பலம் நட்சத்திரங்களோடு நின்றுவிட்டது. ரஞ்சி ஆடுகிற பையன் முரண்டு பிடித்தால் அவன் இடத்துக்குப் பத்துப் பேர் ரெடி. 2019-ல் வந்த இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம்கூட ஓய்வு பெற்றவர்களுக்குத்தான். ஆடிக்கொண்டிருப்பவனுக்காகப் பேரம் பேச ஆள் இல்லை.

மூட்டையோடு நிற்கிறான் பையன். விலையை வாரியம் சொல்கிறது.